வலிப்பு உள்ள பிள்ளைக்கு எந்தப் பள்ளி? ஐந்து வழிகளை எடை போட்டால்

மே மாதம் வந்தாலே இந்தக் கேள்வியோடு யாராவது வந்துவிடுவார்கள். "டீச்சர், பையனுக்கு ஃபிட்ஸ் இருக்கு. இருக்கிற பள்ளியிலேயே விடவா, மாத்தவா?" நடுநிலைப் பள்ளியில் பல வருஷம் வகுப்பெடுத்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னிடம் விடை இருக்கும் என்று நினைக்கிறார்கள். எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. எதை முதலில் கேட்டுக்கொள்வது, எதைப் பிறகு கேட்டுக்கொள்வது என்று மட்டும் சொல்லலாம். பலர் பள்ளியின் பெயரை முதலில் முடிவு செய்துவிட்டு, பிள்ளையின் வலிப்பை அதற்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துக்கு முன்னால் இருப்பவை ஐந்து வழிகள். பக்கத்திலுள்ள அரசுப் பள்ளி அல்லது அரசு உதவிபெறும் பள்ளி, தனியார் மெட்ரிக் அல்லது சிபிஎஸ்இ பள்ளி, விடுதியோடு கூடிய பள்ளி, சிறப்புப் பள்ளி, வீட்டிலிருந்தே படிப்பு. ஒவ்வொன்றுக்குள்ளும் போவதற்கு முன் எடைக்கற்களை எடுத்து வைத்துக்கொள்வோம்.

## எதை வைத்து எடை போடுவது

வலிப்பு எப்படிப்பட்டது? இதைப் பள்ளியிடம் கேட்கக் கூடாது, நரம்பியல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். என்ன வகை, பகலிலா தூக்கத்திலா, மருந்துக்கு அடங்குகிறதா. சரியாகக் கண்டறிந்து மருந்தை ஒழுங்காகக் கொடுத்தால் வலிப்பு உள்ளவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படி அடங்கிய பிள்ளைக்குப் பள்ளி தேடுவதும் தெருவில் மற்றப் பிள்ளைகளுக்குப் பள்ளி தேடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். சில பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் மட்டும் வாய் ஒரு பக்கம் இழுக்கும். ரோலாண்டிக் வகை என்பார்கள். பதின்வயது முடிவதற்குள் தானாகவே நின்றுவிடும் வகை அது. அதற்காக வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். மருந்துக்கு அடங்காமல் வாரத்தில் பலமுறை விழுந்து அடிபடும் பிள்ளைக்கோ கணக்கே வேறு.

வலிப்பு வரும் அந்த ஐந்து நிமிடத்தில் கூட யார் இருப்பார்கள்? பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். மணி பார்க்க வேண்டும், சுற்றியுள்ள பெஞ்சை நகர்த்த வேண்டும், தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைத்து ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இவ்வளவுதான். ஆனால் நம் பள்ளிகளில் நடப்பது என்ன? ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார், ஒருவர் வாயில் ஸ்பூனை விடுகிறார், ஒருவர் தண்ணீர் ஊற்றுகிறார். இரும்பைக் கையில் கொடுத்ததும் வலிப்பு நின்றதாகச் சொல்வார்கள். அது தானாக நிற்கும் நேரத்தில்தான் சாவி கிடைத்திருக்கும். ஆகவே பள்ளிக்கூடத்துக் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பதறாத ஒரு பெரியவர் அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள்.

தூக்கம் எவ்வளவு மிஞ்சும்? தூக்கம் கெட்டால் வலிப்பு வரும், மாத்திரை தவறினால் வரும், காய்ச்சலில் வரும். பள்ளி எத்தனை மணிக்கு என்பதைவிட, பிள்ளை எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று கேளுங்கள்.

படிப்பில் என்ன சிக்கல்? விழுந்து துடிப்பது மட்டும் வலிப்பு அல்ல. சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் எழுதத் தொடங்குவதும் வலிப்புதான். ஒரு நாளில் பலமுறை வந்தால் பாடத்தில் அங்கங்கே ஓட்டை விழுந்துவிடும். ஆசிரியர் அதைக் 'கவனமில்லை' என்று ரிப்போர்ட் கார்டில் எழுதுவார். மருந்துக்கும் பங்குண்டு. ஃபீனோபார்பிட்டோன் சில பிள்ளைகளை மந்தமாக்கும், சிலரைத் துறுதுறுவென்று ஆக்கும். லெவிட்டிராசிட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கொண்டுவரும். டோபிராமேட் எடுக்கும் பிள்ளைக்குச் சொல்ல வந்த வார்த்தை நாக்கில் வராமல் நிற்கலாம். மருந்து மாற்றிய மாதத்தில் பள்ளியிலிருந்து புகார் வந்தால், பள்ளியை மாற்றுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். நீங்களாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

திரும்பி வர வழி உண்டா? பல பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம் வலிப்பே இல்லாமல் போனால் மருத்துவர் மருந்தைக் குறைப்பதைப் பற்றி யோசிப்பார். அன்றைக்கு உங்கள் பிள்ளை எந்த வகுப்பில், எந்தச் சான்றிதழோடு நிற்கும்?

பணத்தைத் தனியாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு வழியிலும் அது வேறு முகத்தோடு வரும்.

## அதற்கும் முன்னால்: சொல்லிச் சேர்ப்பதா, மறைத்துச் சேர்ப்பதா

ஐந்தில் எது என்பதைவிட இந்த முடிவு பெரியது என்பது என் கருத்து. "சொன்னா சேத்துக்க மாட்டாங்க, பொம்பளப் புள்ள வேற, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்கு" என்று மறைத்துச் சேர்க்கிறவர்கள் ஏராளம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மறைத்துச் சேர்த்த பள்ளி எவ்வளவு நல்ல பள்ளியாக இருந்தாலும், அந்த ஐந்து நிமிடத்தைப் பொறுத்தவரை மோசமான பள்ளிதான். யாருக்கும் எதுவும் தெரியாது. பிள்ளை மாத்திரையை ஒளித்து விழுங்கப் பழகும், அல்லது விழுங்காமலே விடும்.

சட்டம் ஓரளவு துணைக்கு வரும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. அதன் 13ஆம் பிரிவு சேர்க்கையின்போது பிள்ளையை வடிகட்டுவதைத் தடுக்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த தடவை 50,000 ரூபாய் வரை அபராதம். 16ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. "டிசி வாங்கிக்கிட்டுப் போயிடுங்க" என்று வாய்வார்த்தையாகச் சொல்லும் பள்ளிகள் எழுத்தில் தருவதில்லை. ஏன் என்று இப்போது புரியும். எழுத்தில் கேளுங்கள். முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுக்கலாம், பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணில் கேட்கலாம், குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

இதில் பலருக்குத் தெரியாத ஓட்டை ஒன்று உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஊரில் நல்ல பெயரெடுத்த பள்ளிகளில் பல அந்த வகை. அங்கே சட்டப் பிரிவைக் காட்டிப் பயனில்லை, தாளாளரிடம் நேரில் பேசுவதுதான் வழி. என் அனுபவத்தில் அப்படிப் பேசி நல்லபடியாக முடிந்ததும் உண்டு.

எப்படிச் சொல்வது? "அடிக்கடி ஃபிட்ஸ் வரும் சார், பாத்துக்கங்க" என்று சொன்னால் யாரும் பயந்துதான் போவார்கள். மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். வலிப்பு வந்தால் எப்படி இருக்கும், எவ்வளவு நேரம், என்ன செய்ய வேண்டும், எப்போது 108, முடிந்தபின் எவ்வளவு நேரம் தூங்கும், யாருக்குப் போன் செய்ய வேண்டும். வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரேயை மருத்துவர் எழுதியிருந்தால் எத்தனை அழுத்து, எப்போது என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். கடிதம் இல்லாமல் எந்த ஆசிரியரும் அதைத் தொடமாட்டார். நானும் தொட்டிருக்க மாட்டேன்.

## பக்கத்து அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி

இதன் பெரிய பலம் தூரம். நடந்து போகும் தொலைவில் பள்ளி இருந்தால் பிள்ளைக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கூடுதல். வலிப்பு வந்தால் பத்து நிமிடத்தில் அம்மா வந்து நிற்கலாம். வலிப்பு முடிந்து தூங்கி எழுந்த பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் சாதாரணமாக வரும். இதற்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பது வேன் பள்ளியில் சேர்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது சாப்பாடு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் நடக்கிறது. 2024 ஜூலையில் ஊரகப் பகுதியின் உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. இதற்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். விடியற்காலையில் கூலி வேலைக்குப் போகும் வீடுகளில் பிள்ளை வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிவிட்டு வரும். வால்ப்ரோயேட் போன்றவை வெறும் வயிற்றில் குமட்டும். பிரேயரில் நின்றபடி வாந்தி எடுத்தால் அன்றைய மாத்திரை போச்சு, அடுத்த நாள் வலிப்பு. சாப்பிட்ட பிறகு மாத்திரை என்று வகுப்பாசிரியரிடம் ஒப்படைத்துவிட்டால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு பார்க்க வேண்டிய நோய்ப் பட்டியலிலும் வலிப்பு இருக்கிறது. அங்கிருந்து மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

மறைந்திருக்கும் செலவு வேறு வகை. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பிள்ளையோடு ஆம்புலன்ஸில் ஏறினால் மற்றவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குப் பொது, தினமும் வரமாட்டார். பிள்ளையை நன்றாகப் புரிந்துகொண்ட ஆசிரியை கலந்தாய்வில் மாறுதலாகிப் போய்விடுவார். ஐந்தாம் வகுப்பு முடிந்தால், எட்டாம் வகுப்பு முடிந்தால் பள்ளியே மாறும். ஒவ்வொரு ஜூனிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அந்த அலுப்பைத் தாங்கிக்கொள்ள முடிந்தால், ஆரம்ப வகுப்புகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

## தனியார் மெட்ரிக், சிபிஎஸ்இ

ஆங்கில வழி, ஒரே வளாகத்தில் எல்கேஜி முதல் பிளஸ் டூ வரை, வகுப்புக்கு ஒரு ஆசிரியை, சில இடங்களில் நர்ஸ் அறை. பதினான்கு வருஷம் ஒரே இடம் என்பது வலிப்பு உள்ள பிள்ளைக்கு உண்மையான நன்மை. கூடப் படிக்கும் பிள்ளைகளே பழகிவிடுவார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகள், விழுந்த தோழியின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிபிஎஸ்இ இணைப்புப் பள்ளிகள் சிறப்பாசிரியரும் ஆலோசகரும் வைத்திருக்க வேண்டும் என்பது வாரிய விதி. பெயருக்கா உண்மையாகவா என்று நேரில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். "அவங்க இன்னைக்கு லீவு" என்று சொன்னால் இன்னொரு நாள் போங்கள்.

கட்டணம் எல்லாருக்கும் தெரிந்த செலவு. தெரியாததில் முதலாவது வேன். ஏழு மணி வேனுக்கு ஐந்தரைக்கு எழ வேண்டும். முதல் நிறுத்தத்தில் ஏறும் பிள்ளை கடைசியில் இறங்கும். அந்த ஒரு மணி நேரத்தில் வேனில் வலிப்பு வந்தால் பார்க்க ஓட்டுநரும் உதவியாளரும் மட்டும்தான். கடிதத்தின் ஒரு பிரதி அவர்களுக்கும் போக வேண்டும். அடுத்தது வீட்டுப்பாடம், டியூஷன், எட்டாம் வகுப்பிலிருந்தே தொடங்கும் சிறப்பு வகுப்பு. இரவு பதினொன்றுக்குப் படுத்து அதிகாலை ஐந்துக்கு எழும் வாழ்க்கை வலிப்பை வா வா என்று அழைக்கும். மூன்றாவது, தேர்ச்சி விகிதம். ஒன்பதாம் வகுப்பில் சில பள்ளிகள் மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை மெல்லக் கழற்றிவிடப் பார்க்கும். சட்டத்தின் பாதுகாப்பு எட்டோடு முடிகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

25 சதவீத இடஒதுக்கீட்டில் கட்டணமில்லாமல் சேர்க்கலாமே என்று கேட்பார்கள். அது நுழைவு வகுப்புக்கு மட்டும். நடுவில் ஆறாம் வகுப்பில் போய்க் கேட்க முடியாது. புத்தகம், சீருடை, வேன் என்ற பெயரில் செலவு எப்படியும் வரும்.

வலிப்பு அடங்கியிருக்கிறது, படிப்பில் பெரிய சிக்கல் இல்லை, பள்ளி மூன்று நான்கு கிலோமீட்டருக்குள், நிர்வாகம் கடிதத்தை மலர்ந்த முகத்தோடு வாங்குகிறது. இந்த நான்கும் இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். மூன்று இருந்தால் யோசியுங்கள்.

## விடுதிப் பள்ளி

நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளைப் 'பிராய்லர் பள்ளி' என்று ஊரே கேலி பேசும். ஆனால் மதிப்பெண்ணுக்காகப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறவர்கள் குறையவில்லை. வலிப்பு உள்ள பிள்ளைக்கு இந்த வழியில் எனக்கு உள்ள மறுப்பு ஒழுக்கம் சார்ந்தது அல்ல, உடம்பு சார்ந்தது. இளம்பருவத்தில் தொடங்கும் ஒரு வலிப்பு வகை உண்டு. காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று உதறும், டம்ளர் கீழே விழும். தூக்கம் குறைந்த மறுநாள் பெரிய வலிப்பு. ஜேஎம்இ என்பார்கள். பதினான்கு, பதினைந்து வயதில்தான் பலருக்கு இது வெளியே தெரியும். அதே வயதில்தான் நாம் பிள்ளையை நாலரை மணி ஸ்டடிக்கு எழுப்புகிறோம்.

இரவில் வலிப்பு வந்தால் இருபது பேர் தூங்கும் அறையில் யாருக்குத் தெரியும்? மேல்கட்டிலில் படுக்கவைத்திருந்தால்? மாத்திரை டப்பா வார்டனிடம் இருந்தால் அவர் விடுப்பில் போகும் நாளில் யார் கொடுப்பார்? பிள்ளையிடமே இருந்தால், மற்றவர்கள் கேட்பார்களே என்று விழுங்காமல் விடும். கீட்டோஜெனிக் உணவுமுறையில் (கொழுப்பு மிகுந்து, மாவுச்சத்து மிகக் குறைந்த சாப்பாடு) இருக்கும் பிள்ளைக்கு விடுதிச் சாப்பாடு ஆகவே ஆகாது. மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்க்க அழைத்துப் போவதும் வருவதும் கட்டணச் சீட்டில் இல்லாத செலவு.

இருந்தாலும் இந்தக் கதவை முழுதாகச் சாத்தமாட்டேன். மலைக்கிராமத்துப் பிள்ளைக்கு நிலைமை தலைகீழ். பஸ் இல்லை, 108 வந்து சேரவே நேரமாகும், வீட்டில் பேய் பிடித்தது என்று வேப்பிலை அடிக்கிறார்கள் என்றால், தாலுகா மருத்துவமனைக்குப் பக்கத்திலுள்ள உண்டு உறைவிடப் பள்ளி வீட்டைவிடப் பாதுகாப்பாக இருக்கலாம். அப்போது மூன்று நிபந்தனை. கீழ்க்கட்டில், அதே அறையில் ஒரு பெரியவர், நோட்டில் கையெழுத்திட்டு மாத்திரை கொடுக்கும் பழக்கம். நல்ல காப்பாளர் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.

## சிறப்புப் பள்ளி

வலிப்பு மட்டும் உள்ள பிள்ளைக்கு இது இடமில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். பக்கத்துப் பள்ளியின் எச்எம் "இவனுக்குன்னு தனி ஸ்கூல் இருக்குமே" என்று சொன்னதை நம்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வலிப்போடு அறிவுத்திறன் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம் என்று வேறொன்றும் சேர்ந்திருக்கும்போதுதான் சிறப்புப் பள்ளியின் பலம் தெரியும். பேச்சுப் பயிற்சி, இயன்முறை சிகிச்சை, தானே சாப்பிட, உடுத்தப் பழக்குவது எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு வலிப்பு இருப்பதால் அங்குள்ள ஆயா முதல் முதல்வர் வரை ஒருவரும் பதறமாட்டார்கள். முட்டுக்காட்டிலுள்ள ஒன்றிய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம், சென்னை கோட்டூர்புரத்தின் வித்யாசாகர், தென்காசி ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம் போன்ற இடங்களில் ஒருமுறை போய் மதிப்பீடு செய்துகொண்டு வந்தாலே பிள்ளைக்கு எது தேவை என்று தெளிவு பிறக்கும். சேர்த்தாக வேண்டும் என்பதில்லை.

சான்றிதழ் விஷயம் இங்கேதான் குழப்பும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் வலிப்பு தனியாக இல்லை. வலிப்பு மட்டும் என்றால் யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அலைவது பெரும்பாலும் வீண். கூடவே அறிவுத்திறன் குறைபாடோ கற்றல் குறைபாடோ இருந்தால் அந்தத் தலைப்பில் விண்ணப்பிக்க வேண்டும். 40 சதவீதமோ அதற்கு மேலோ சான்று கிடைத்தால் 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, எதை விரும்புகிறீர்களோ அதில் இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. அறிவுத்திறன் குறைபாட்டுக்கு மாநில அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும், 1 லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம்.

மறைந்த செலவு, தூரமும் திரும்பி வரும் வழியும். மாவட்டத் தலைநகரம் தாண்டினால் நல்ல சிறப்புப் பள்ளி அரிது. ஏழு வயதில் உள்ளே போன பிள்ளை பன்னிரண்டு வயதில் பொதுப் பள்ளிக்குத் திரும்புவது கடினம், பாடத்திட்டம் வெகுதூரம் போயிருக்கும்.

## வீட்டிலிருந்தே படிப்பு

இதில் மூன்று உட்பிரிவு. முதலாவது, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வீட்டுவழிக் கல்வி. பள்ளிக்கு வரவே முடியாத அளவு பாதிப்புள்ள பிள்ளைக்கு, பெயர் பக்கத்துப் பள்ளியின் பதிவேட்டில் இருக்கும், சிறப்பாசிரியர் வீட்டுக்கு வருவார். இரண்டாவது, தனித்தேர்வராக எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு எழுதுவது. மூன்றாவது, தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ். 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். பதிவு ஐந்து வருஷம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. வருஷத்தில் இரண்டு முறை பொதுத்தேர்வு. ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஒன்று இரண்டாக எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். தேர்வுக்கு முதல் நாள் வலிப்பு வந்தால் அந்தப் பாடத்தை அடுத்த முறைக்குத் தள்ளலாம். வலிப்பு அடங்காத பிள்ளைக்கு இதைவிட இணக்கமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஆனால் யார் சொல்லிக்கொடுப்பது? என்ஐஓஎஸ் நடத்தும் நேரடித் தொடர்பு வகுப்புகள் சில நாட்கள்தான். மீதி வீட்டுக்காரர் பொறுப்பு, அதாவது பெரும்பாலும் அம்மா. அம்மாவின் சம்பளம் நின்றுபோவதை யாரும் கல்விச் செலவில் எழுதுவதில்லை. தங்கையோ தம்பியோ இருந்தால் அவர்களுக்கான நேரமும் இதில்தான் போகும். பிள்ளைக்கு நண்பர்கள் குறைவார்கள். 'நோயாளி' என்ற பெயர் பிள்ளையின் மனதிலேயே ஊறிவிடும். வீட்டில் உட்காரவைப்பதால் வலிப்பு குறையாது, அதைக் குறைப்பது மருந்தும் தூக்கமும்தான். அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் காலம், மருந்துகளை மாற்றிப் பார்க்கும் காலம், ஒரு நாளில் பலமுறை விழும் காலம் ஆகியவற்றுக்கு வீடு சரி. பள்ளிக்குப் பயந்து என்றால் சரியில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது பொருந்தும் | சீட்டில் வராத செலவு | சேர்க்கும் முன் கேட்க வேண்டியது |
|---|---|---|---|
| அரசு / உதவிபெறும் பள்ளி | ஆரம்ப வகுப்புகள், வீடு பக்கம், வலிப்பு எப்போதாவது | ஒவ்வொரு வருஷமும் புது ஆசிரியருக்குச் சொல்வது, ஆள் பற்றாக்குறை | வலிப்பு வந்தால் யார் கூட இருப்பார்? |
| தனியார் பள்ளி | வலிப்பு அடங்கியது, படிப்பில் சிக்கல் இல்லை | வேன் நேரம், சிறப்பு வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு நெருக்கடி | மருத்துவர் கடிதத்தைக் கோப்பில் வைப்பீர்களா? |
| விடுதி | வீட்டுப் பக்கம் மருத்துவமே இல்லாதபோது | தூக்கம், மாத்திரை, இரவு | இரவில் அறையில் பெரியவர் உண்டா? |
| சிறப்புப் பள்ளி | வலிப்போடு வேறு குறைபாடும் உள்ளபோது | தூரம், திரும்பி வருவது கடினம் | ஒரு வருஷத்தில் என்ன கற்றுக்கொள்வான்? |
| வீடு | வலிப்பு அடங்காத காலம், சிகிச்சைக்கு இடையில் | ஒருவரின் வருமானம், நட்பு | எப்போது திரும்பப் பள்ளிக்கு? |

## தேர்வு என்று வரும்போது

பத்தாம் வகுப்பு நெருங்கும்போது புதிதாக ஒரு பயம் வரும். தேர்வறையில் வலிப்பு வந்துவிட்டால்? அறைக் கண்காணிப்பாளர் வேறு பள்ளி ஆசிரியர், பிள்ளையை அவருக்குத் தெரியாது. ஆகவே மருத்துவரின் கடிதம் தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே தேர்வு மையத்துக்குப் போக வேண்டும். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் மாற்றுத்திறன் சான்றை ஒட்டியே கிடைக்கின்றன. வலிப்பு என்ற சொல்லுக்காக மட்டும் தானாக வராது. கற்றல் குறைபாடோ கை பாதிப்போ சேர்ந்திருந்தால் கேளுங்கள். எழுதச் சிரமப்படும் மாற்றுத்திறனாளிக்கு 40 சதவீதச் சான்று இல்லை என்று சொல்லி எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாநில வாரியத்தில் ஒரு தாள் தவறிப்போனாலும் அதே வருஷம் துணைத்தேர்வு உண்டு, வருஷம் வீணாகாது. எந்த வாரியம் என்று தடுமாறுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

## இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுகிறவர்களுக்கு

அரசுப் பள்ளியா தனியாரா என்று திணறினால், இரண்டு பள்ளிக்கும் அதே கடிதத்தோடு போங்கள். எந்தத் தலைமையாசிரியர் கடிதத்தை முழுதாகப் படித்துவிட்டு உங்களிடம் கேள்வி கேட்கிறாரோ அந்தப் பள்ளி. "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்று படிக்காமல் மேசையில் வைப்பவரும், "பொறுப்பு எங்களுக்கில்லைன்னு எழுதிக் கொடுங்க" என்பவரும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பிளஸ் ஒன்னில் நீட் பயிற்சி விடுதியா உள்ளூர்ப் பள்ளியா என்றால் உள்ளூர். பயிற்சியை மாலையிலோ ஆன்லைனிலோ வைத்துக்கொள்ளலாம். விட்ட தூக்கத்தை எந்தப் பயிற்சியும் ஈடுகட்டாது.

சிறப்புப் பள்ளியா பொதுப் பள்ளியா என்று ஆறு, ஏழு வயதில் குழப்பம் வந்தால் முதலில் பொதுப் பள்ளி, கூடவே வட்டார வள மையத்தின் உதவி. ஒரு வருஷம் பாருங்கள். எழுத்து கூடவில்லை, பிள்ளை மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்றால் அப்போது மாற்றலாம். எதிர்த்திசையில் மாற்றுவதுதான் கடினம்.

பள்ளியா வீடா என்ற குழப்பத்தில், பிள்ளை எட்டு வயதைத் தாண்டியிருந்தால் அதனிடமே கேளுங்கள். வலிப்பு வந்த மறுநாள் வகுப்பில் யார் சிரித்தார்கள், யார் பையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்து வந்தார்கள் என்று சொல்லும். பை தூக்கிய பிள்ளை ஒன்று இருந்தால் அந்தப் பள்ளியை விட்டு எடுக்காதீர்கள்.